வட சென்னையில் சமூக விளையாட்டுப் பணி: இடம் தேடுவது முதல் பொறுப்பை ஒப்படைப்பது வரை முழுமையான வழிகாட்டி

வட சென்னை என்றதும் கேரம், ஃபுட்பால், குத்துச்சண்டை என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது உண்மையும்கூட. 2008-இல் பிரான்சில் உலகக் கேரம் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் வளர்ந்தவர். சென்னையின் எஃப்.சி. அணிக்கு ஆடிய தனபால் கணேஷும் வியாசர்பாடி மண்ணில் பந்து உதைத்துப் பழகியவர்தான்.

இவர்கள் ஆடிய அதே போர்டிலும் அதே மைதானத்திலும் இன்னும் எத்தனையோ பிள்ளைகள் ஆடினார்கள். அவர்கள் பெயர் பேப்பரில் வரவில்லை. அவர்களுக்கும் தினமும் மாலை ஐந்து மணி வருகிறது. அந்த நேரத்தில் அவர்கள் எங்கே போகலாம், யாரோடு இருக்கலாம் என்பதைப் பார்த்துக்கொள்வதுதான் சமூக விளையாட்டுப் பணி. கோச்சிங்கில் திறமையுள்ளவரைத் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே வாசலுக்கு வந்த எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பந்து உதைக்க வராதவன், கூச்சப்படுகிறவள், தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிற அக்கா, பள்ளியை விட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் பையன், பேரனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடும் தாத்தா எல்லோருக்கும் இடம் வேண்டும். இந்த வேலைக்கு வர நினைக்கும் இளைஞர்களுக்காக, ஆரம்பத்திலிருந்து வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த வாசல் வழியாக வருவது

சம்பள வேலை மூன்று விதமாகக் கிடைக்கிறது. பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியர் பணி முதலாவது. இதற்கு உடற்கல்விப் பட்டம் வேண்டும். இரண்டாவது, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் வேலை. இது பெரும்பாலும் போட்டி விளையாட்டு சார்ந்தது. மூன்றாவது, தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மாலை நேர மையங்கள். அங்கேதான் ‘அனிமேட்டர்’ (பிள்ளைகளைக் கூட்டி நடத்துபவர்), ‘ஸ்போர்ட்ஸ் கோஆர்டினேட்டர்’ என்ற பெயர்களில் பிளஸ் டூ அல்லது ஏதாவது ஒரு டிகிரி முடித்தவர்களை எடுக்கிறார்கள். முதல் முறையாக வருகிறவருக்கு இந்த மூன்றாவது வாசல்தான் நல்லது. சம்பளம் குறைவு. ஆனால் வேலையின் அடி முதல் நுனி வரை கற்றுக்கொள்ளலாம்.

சம்பளமில்லாத வாசல்களும் உண்டு: கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்டம், சர்ச் இளைஞர் குழு, ஜமாத், தெருவின் நற்பணி மன்றம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த அக்காமார்கள் இந்த வேலைக்கு மிகவும் பொருத்தமானவர்கள். பிள்ளைகளை மாலையில் கூட்டி உட்காரவைக்கும் கலை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். பெற்றோர்களும் அவர்களை நம்புகிறார்கள்.

படிக்க வேண்டும் என்றால் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி நந்தனத்தில் இருக்கிறது. மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மனிதர்களோடு வேலை செய்யும் பக்கம்தான் உங்களை இழுக்கிறது என்றால் சமூகப் பணி படியுங்கள். 1952-இல் தொடங்கி இப்போது எழும்பூரில் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் நம் பகுதியிலிருந்து எட்டும் தூரம்தான். படிப்பு மெதுவாக வரட்டும். முதலுதவிப் பயிற்சியை மட்டும் வேலையில் சேரும் முன்பே முடித்துவிடுங்கள். அது இல்லாமல் பிள்ளைகளை மைதானத்தில் இறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2. பந்தை எடுக்கும் முன் பேட்டையை நடந்து பாருங்கள்

முதல் இரண்டு வாரம் எதையும் தொடங்க வேண்டாம். காலை, மதியம், இருட்டிய பிறகு என்று வெவ்வேறு நேரங்களில் நடந்து பாருங்கள். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கடிகாரம் இருக்கிறது. காசிமேட்டில் விடியும் முன்பே ஏலம் தொடங்கிவிடும். மீன் விற்கப் போகும் அம்மா வீடு திரும்பும் நேரமும், பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரமும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் லாரி மாலையில் வரும் தெருவில் பெண் பிள்ளைகள் குடத்தோடுதான் நிற்பார்கள். அங்கே ஐந்து மணிக்கு நிகழ்ச்சி வைத்தால் பையன்கள் மட்டுமே வருவார்கள். அப்புறம் “பொண்ணுங்களுக்கு ஆர்வமில்லை” என்று அறிக்கை எழுதுவீர்கள். ஆர்வம் இருக்கிறது; குடம் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆண்டின் கடிகாரத்தையும் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். அப்பாமார்கள் வீட்டில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது. அதே நேரத்தில்தான் பள்ளிக்கும் கோடை விடுமுறை. காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பம், எண்ணூர் பக்கம் வேலை செய்பவருக்கு ஆண்டிலேயே முக்கியமான மாதங்கள் இவை. வீட்டுக்குள் இறுக்கம் கூடும் காலம் என்பதால் மையம் காலையிலும் திறந்திருக்க வேண்டும். அப்பாக்களையும் உள்ளே கூப்பிடலாம். வலை பின்னும் கைகளுக்குக் கோல் போஸ்ட் வலை கட்டுவதும் வாலிபால் நெட் சரிசெய்வதும் ஒரு பொருட்டே இல்லை. அப்படி ஒருமுறை வந்து உட்கார்ந்து வலை கட்டிக் கொடுத்த அப்பா, அடுத்த மாதம் தன் மகளை அனுப்பத் தயங்க மாட்டார்.

நடக்கும்போது ஆபத்தான இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கன்டெய்னர் லாரிகள் போகும் எண்ணூர் விரைவுச் சாலை, பிள்ளைகள் குறுக்கே ஓடும் கொருக்குப்பேட்டை ரயில் பாதை, மூடியில்லாத கால்வாய், கொடுங்கையூர் குப்பைமேட்டுப் புகை எந்தக் காற்றில் எந்தத் தெருவுக்கு வருகிறது என்பது எல்லாம். 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்த இரவில் மக்கள் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். ஆலைகளுக்கு நடுவே வேலை செய்பவர், வாடை வந்தால் பிள்ளைகளை எந்த வழியாக எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று முன்கூட்டியே யோசித்து வைத்திருக்க வேண்டும்.

3. இடமும் அனுமதியும்

வட சென்னையில் காலி இடம் என்று ஒன்று கிடையாது. எந்தத் திடலுக்கும் ஏற்கெனவே சொந்தக்காரர்கள் உண்டு: காலையில் நடப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் செட், துணி காயப்போடும் வீட்டார், இரவில் பாட்டிலோடு வருபவர்கள். இவர்களில் யாரையும் விரட்டிவிட்டு உள்ளே வர நினைக்காதீர்கள். “அண்ணே, அஞ்சரையிலிருந்து ஏழு வரைக்கும் பசங்களுக்குக் கொடுங்க, அப்புறம் உங்க நெட் பிராக்டிஸ் வச்சுக்கோங்க” என்று கேட்டால் பெரும்பாலான கிரிக்கெட் செட் ஒப்புக்கொள்ளும். அவர்களிலேயே ஒருவரை உதவியாளராக ஆக்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

முறையான வழி இதுதான். மாநகராட்சி மைதானம், பூங்கா என்றால் அந்தந்த மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் போன்ற மண்டலங்கள் நம் பக்கம்தான். மனுவில் நாள், நேரம், எத்தனை பிள்ளைகள், பொறுப்பாளர் யார், கட்டணம் வாங்கவில்லை என்ற உறுதி எல்லாம் இருக்கட்டும். நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது வந்து கேட்டால் அந்த ஒரு தாள் போதும். வார்டு கவுன்சிலரையும் நேரில் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

பள்ளி வளாகத்தைப் பள்ளி விட்டபிறகு பயன்படுத்தத் தலைமை ஆசிரியரிடம் மட்டும் பேசினால் போதாது. கல்வித் துறையின் எழுத்து அனுமதி வேண்டும். வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர் இருவரிடமும் தனியாகப் பேசுங்கள். கேட் சாவியும் கழிப்பறைச் சாவியும் அவர்களிடம்தான் இருக்கின்றன. ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் சமுதாயக் கூடம் இருந்தால் வாழ்விட மேம்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேட்க வேண்டும். மீனவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்தைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். அவர்கள் ஒப்புக்கொண்டால் வேறு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

விளக்கு எரியவில்லை, குப்பை அள்ளவில்லை என்றால் மாநகராட்சியின் 1913-க்குப் புகார் கொடுத்து எண்ணைக் குறித்து வையுங்கள். விளக்கு சின்ன விஷயமாகத் தெரியும். நவம்பர், டிசம்பரில் ஆறு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். விளக்கில்லாத மைதானத்தில் அந்த மாதங்களில் பெண் பிள்ளைகள் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: பத்து வயதுப் பெண் தன் வீட்டிலிருந்து தனியாக நடந்து அங்கே வர முடியுமா? நடுவில் ஒயின்ஷாப், பெரிய சாலை, தண்டவாளம் இருந்தால் அது பெரிய மைதானமாகவே இருந்தாலும் வேண்டாம். இரண்டு தெரு சந்திக்கும் சின்ன முக்கும் நாலு கேரம் போர்டும் அதைவிட மேல்.

4. எந்த விளையாட்டு

கேரமிலிருந்து தொடங்குவதுதான் எனக்குப் பிடித்த வழி. இந்த ஊரில் அது யாருக்கும் புதிதில்லை, அதுதான் பெரிய பலம். இடம் குறைவு, மழையிலும் நடக்கும், எட்டு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுப் பெரியவரும் எதிரெதிரே உட்காரலாம். வலுவோ உயரமோ தேவையில்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் சமமாக ஆடும். பள்ளியில் ஒன்றும் வராது என்று முத்திரை குத்தப்பட்ட பையன், ரீபவுண்டில் காயைப் போடும்போது கோணத்தைக் கண்ணாலேயே அளக்கிறான். அவனுடைய கணக்கு டீச்சர் ஒருநாள் வந்து அதைப் பார்க்க வேண்டும்.

போர்டு வாங்கும்போது மலிவானதைத் தவிருங்கள். ஆடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம் இருக்க வேண்டும். பிளைவுட் குறைந்தது 8 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். கையால் அழுத்திப் பார்த்தால் நடுவில் வளையக் கூடாது. ஸ்டிரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, ரெட் ஒன்று என்று தினமும் முடிக்கும்போது எண்ணி வையுங்கள். அந்த வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் கொடுத்தால் காய் தொலையவே தொலையாது. ஈரக் காற்று நம் ஊரில் போர்டைக் கெடுக்கும். சுவரில் சாய்க்காமல், துணி சுற்றிப் படுக்கவைத்து அடுக்குங்கள். தலைக்கு மேல் தாழ்வாகத் தொங்கும் ஒரு விளக்கு வேண்டும். பக்கவாட்டு வெளிச்சத்தில் காயின் நிழல் விழுந்து குறி தப்பும்.

விதிகளையும் முதல் நாளிலிருந்தே சரியாகச் சொல்லிக்கொடுங்கள். தெருவில் ஆளுக்கு ஒரு சட்டம் இருக்கும். 25 பாயின்ட் அல்லது எட்டு போர்டு என்ற போட்டி முறையில் பழகிய பிள்ளை, நாளைக்கு மாவட்டப் போட்டிக்குப் போனால் தடுமாறாது. காசு வைத்து ஆடுவதை மட்டும் ஒரு நாளும் அனுமதிக்காதீர்கள். ‘சும்மா ஜூசுக்கு’ என்றுதான் அது ஆரம்பிக்கும்.

ஃபுட்பாலுக்கு இடம் வேண்டும், சண்டையும் சேர்ந்தே வரும். ஆனாலும் அதைப்போல ஓடவைக்கும் ஆட்டம் இல்லை. எட்டு முதல் பன்னிரண்டு வயது வரை நான்காம் எண் பந்து, அதற்கு மேல் ஐந்தாம் எண். பதினொரு பேர் ஆட்டத்தை மறந்துவிடுங்கள். நாலுக்கு நாலு, ஐந்துக்கு ஐந்து என்று சின்னக் கட்டங்களாகப் பிரித்தால் எல்லோர் காலுக்கும் பந்து வரும். கோல் அடித்தவன் அடுத்த ஆட்டத்தில் கோலி என்று ஒரு விதி வைத்துப் பாருங்கள். இரண்டு கில்லாடிகள் மட்டும் ஆட மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் நிலை மாறும்.

கபடிக்குப் பெண்களுக்கும் ஜூனியர் பெண் பிள்ளைகளுக்கும் 12-க்கு 8 மீட்டர் தளம் போதும். மண்ணைக் கொத்தி, கல்லும் கண்ணாடித் துண்டும் பொறுக்கிய பிறகே ஆடவிடுங்கள். த்ரோபால் இங்குள்ள அம்மாக்களுக்கு ரொம்பப் பிடிக்கும். பள்ளியில் ஆடிய ஞாபகம் கையில் இருக்கிறது. குத்துச்சண்டைக்கு இந்தப் பகுதியில் நீண்ட மரபு உண்டு. ஆனால் தகுதியான பயிற்சியாளரும் தலைக்கவசமும் இல்லாமல் அதைத் தொட வேண்டாம். ஸ்கிப்பிங், காலடி, நிழல் குத்து வரை செய்யலாம்.

அப்புறம் செலவே இல்லாதவை: ஏழு கல், பாண்டி, கல்லா மண்ணா, ஐஸ்பாய், கில்லி, அஞ்சாங்கல், பல்லாங்குழி, தாயம். இவற்றைச் சொல்லிக்கொடுக்க நீங்கள் வேண்டாம், பாட்டிமார்களைக் கூப்பிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் பாட்டிகள்தான் மாஸ்டர் என்று வைத்தால் மையத்தின் முகமே மாறும். சட்டியைத் தட்டிக் கானா பாடும் பையன்களுக்கும் ஒரு மாலை கொடுங்கள். வார்த்தையில் ஆபாசமோ, பெண்களைப் பழிப்பதோ, ஆயுதப் பெருமையோ கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அவர்கள் எழுதுவதைக் கேட்டு நீங்களே நிமிர்ந்து உட்காருவீர்கள்.

5. ஒரு மாலை எப்படி நடக்க வேண்டும்

ஒன்றரை மணி நேரம் போதும். முதல் பத்து நிமிடம் பெயர் கூப்பிடுங்கள். எண்ணைக் கூப்பிடாதீர்கள், பெயரைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து. நேற்று வராதவரிடம் “ஏன் வரலை” என்று அதட்டாமல், “நேத்து உன்னைத் தேடினோம்” என்று சொல்லுங்கள். பிறகு பதினைந்து நிமிடம் ஓட்டமும் உடம்பை இளக்குவதும். நாற்பது நிமிடம் முக்கிய ஆட்டம். பதினைந்து நிமிடம் அவர்கள் இஷ்டம். கடைசிப் பத்து நிமிடம் தண்ணீர், பொருட்களை எடுத்து வைப்பது, வட்டமாக உட்கார்ந்து ஒரு பேச்சு.

அணி பிரிப்பதை இரண்டு கேப்டன்களிடம் விடாதீர்கள். கடைசியாக யாரும் எடுக்காமல் நிற்கும் பிள்ளையின் முகம் எனக்கு எந்தத் தோல்வியைவிடவும் கனமானது. சட்டை நிறம், பிறந்த மாதம், ஒன்று இரண்டு எண்ணுவது என்று ஏதாவது ஒரு வழியில் பிரியுங்கள். இருபது பிள்ளைகளுக்கு ஒரு பெரியவராவது வேண்டும். பத்து வயதுக்குக் கீழ் என்றால் இன்னும் அதிகம்.

நேரம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். ஐந்தரைக்கு என்றால் ஐந்தரைக்கு நீங்கள் அங்கே நிற்க வேண்டும். மழை, மேட்ச் நாள், ஆடி மாதம் தெருவில் கூழ் ஊற்றும் நாள், எதுவானாலும் சரி. நிகழ்ச்சி இல்லையென்றால் அதைச் சொல்லவாவது ஒருவர் அங்கே நிற்க வேண்டும். வீட்டில் எதுவும் நிலையாக இல்லாத பிள்ளைகள் நிறைய பேர் நம்மிடம் வருகிறார்கள். அவர்கள் மூன்று தடவை பூட்டிய கேட்டைப் பார்த்தால் நான்காவது தடவை வர மாட்டார்கள்.

6. பெண் பிள்ளைகள் நிலைக்க

சின்ன வயதில் பாதிக்குப் பாதி பெண்கள் இருப்பார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். இதை இயல்பு என்று விட்டுவிடுகிற மையங்கள்தான் அதிகம். கூடாது. வயதுக்கு வந்த பெண்ணை அனுப்ப வீட்டார் தயங்குவதற்கு நான்கு காரணங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்: உடை, கழிப்பறை, இருட்டு, ஊர்வாய்.

உடைக்கு டிராக் பேன்ட்டும் தளர்ந்த டி-ஷர்ட்டும் போதும். புர்காவோ துப்பட்டாவோ வேண்டும் என்றால் அதோடும் ஆடக்கூடிய ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கேரமுக்கு எந்த உடையும் தடையில்லை. கழிப்பறையில் தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பைத் தொட்டி இருக்க வேண்டும். அலமாரியில் நாப்கின் இருக்க வேண்டும், கேட்காமலே எடுத்துக்கொள்ளும் இடத்தில். இருட்டுக்கு, ஒரே தெருப் பெண்களைச் சேர்த்துக் குழுவாக அனுப்புங்கள். ஊர்வாய்க்கு ஒரே மருந்து அம்மாக்கள். வாரத்தில் ஒரு மாலை அம்மாக்களுக்கு என்று ஒதுக்குங்கள். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து த்ரோபால் ஆடி, மூச்சு வாங்கச் சிரிக்கும் அம்மா, மகளை நிறுத்த மாட்டார். பெண் ஊழியர் ஒருவராவது இல்லாமல் பெண்களுக்கான நிகழ்ச்சியைத் தொடங்காதீர்கள்.

வீட்டுக்குப் போய்ப் பேசும்போது மெடல் கதைகளை அளவோடு சொல்லுங்கள். காசிமாவைப் பற்றிச் சொன்னால் அந்த அப்பாவின் கண் விரியும், உண்மைதான். ஆனால் மெடல் வரவில்லை என்றால் நிறுத்திவிடலாம் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடும். “உங்க பொண்ணு இங்க வந்தா நல்லா சிரிக்கிறாம்மா” என்பதையும் காரணமாகச் சொல்லலாம். அது போதுமான காரணம்.

7. பாதுகாப்பு: இதில் சமரசம் இல்லை

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தாள் வேண்டும்: பெயர், வயது, பெற்றோர் எண் இரண்டு, வலிப்பு, ஆஸ்துமா, இதயக் கோளாறு, ஒவ்வாமை, கூட்டிப்போக அனுமதியுள்ளவர் யார், பெற்றோர் கையெழுத்து. போட்டோ எடுக்க அனுமதி தனியாக வாங்க வேண்டும். நன்கொடையாளர் கேட்கிறார் என்பதற்காகப் பிள்ளைகளின் முகத்தையும் தெருப் பெயரையும் சேர்த்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள்.

பெரியவர் ஒருவர் பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. இந்த விதி உங்களுக்கும், டிரஸ்டிக்கும், பாதிரியாருக்கும், வெளியூர்க் கோச்சுக்கும் ஒன்றே. ஊழியர், தன்னார்வலர் எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு வாங்குங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவர் எல்லோரும் குழந்தைதான். பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் புகார் கொடுப்பது பிரிவு 19-இன்படி உங்கள் கடமை. கொடுக்காமல் மறைப்பதும் குற்றம். ‘ஏரியா பெயர் கெட்டுவிடும்’, ‘உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். அந்தப் பிள்ளையின் பெயரை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்.

காயங்களைப் பற்றி. முதலுதவிப் பெட்டியை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். தலையில் அடிபட்ட பிள்ளை ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. வாந்தி, மயக்கம், குழப்பம் இருந்தால் 108. நாய் கடித்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஸ்டான்லி மாதிரி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ஊசி போடவையுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க விடாதீர்கள். வெறுங்காலில் ஆணி குத்தினால் டி.டி. ஊசி. மே மாத வெயிலில் காலை ஆறரை முதல் எட்டு வரையும், மாலையில் கடல் காற்று வந்து சூடு தணிந்த பிறகும்தான் வெளி விளையாட்டு. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்துத் தண்ணீர் குடிக்க வைக்க வேண்டும்.

8. பெரிய பையன்களும் ஏரியா சண்டையும்

பதினைந்திலிருந்து இருபது வயதுப் பையன்களை எந்த மையமும் விரும்புவதில்லை. சத்தம், கெட்ட வார்த்தை, பைக், சில சமயம் போதை. அதனாலேயே அவர்களுக்கு இரவு ஏழரைக்கு மேல் தனி நேரம் ஒதுக்கச் சொல்கிறேன். வேலைக்குப் போய்விட்டு வரும் பையன் அப்போதுதான் வர முடியும்.

ஃபோர் ஏ சைடு டோர்னமென்ட் நடத்தினால் தெருவுக்குத் தெரு பகை கிளம்பும். டீமைத் தெரு வாரியாகப் பிரிக்காதீர்கள். பெயர்களைக் கலந்து சீட்டுக் குலுக்குங்கள். எதிரெதிர்த் தெருப் பையன்கள் ஒரே ஜெர்சியில் ஒரு மாதம் ஆடினால் பகை பாதியாவது இறங்கும். சண்டை வந்தால் நடுவில் பாயாமல் ஆட்டத்தை நிறுத்துங்கள், பந்தை எடுத்துக்கொள்ளுங்கள், சுற்றி நிற்பவர்களைக் கலையுங்கள். மறுநாள் இருவரையும் உட்காரவைத்துப் பேசுங்கள். எடுத்தவுடன் ஸ்டேஷனுக்கு ஃபோன் போடுவது கடைசி வழியாக இருக்கட்டும். ஒருமுறை ‘கேஸ்’ என்று பெயர் விழுந்த பையனுக்கு வேலை கிடைப்பதும் கஷ்டம். ஆனால் ஆயுதம் கண்ணில் பட்டால் யோசிக்கவே கூடாது. உடனே கூப்பிட வேண்டும்.

போதைப் பழக்கம் தெரிந்தால் எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள், துரத்தவும் செய்யாதீர்கள். போதையோடு ஆட வர வேண்டாம், தெளிந்த பிறகு வா என்பது மட்டும் உறுதியாக இருக்கட்டும்.

9. பணம், கணக்கு, பேனர்

நாலு கேரம் போர்டு, ஆறு பந்து, கோன், விசில், ஸ்கிப்பிங் கயிறு, முதலுதவிப் பெட்டி, பூட்டுள்ள டிரங்குப் பெட்டி இருந்தால் தொடங்கிவிடலாம். மாதாமாதம் செலவாகிறது தண்ணீருக்கும் கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடருக்கும் சுண்டலுக்கும்தான். சுண்டலை விட்டுவிடாதீர்கள். மதியம் பள்ளியில் சாப்பிட்டுவிட்டு இரவு வரை வயிறு காய்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

நன்கொடை வாங்கினால் ரசீது, செலவுக்கு பில், இரண்டையும் நோட்டில் எழுதி மாதம் ஒருமுறை பெற்றோர் முன் வாசியுங்கள். கட்சிக்காரர்கள் டி-ஷர்ட் கொடுக்க வருவார்கள். சின்னம் இல்லாமல் கொடுத்தால் நன்றியோடு வாங்கிக்கொள்ளலாம், இருந்தால் மரியாதையாக மறுத்துவிடலாம். ஒரு கட்சியின் பேனர் கட்டிய இடத்துக்கு மற்ற வீட்டுப் பிள்ளைகள் வருவது நின்றுவிடும். சாதித் தலைவர் படத்துக்கும் இதே விதிதான்.

10. மழையும் தேர்வும்

வடகிழக்குப் பருவமழையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புளியந்தோப்பு, வியாசர்பாடித் தெருக்களில் தண்ணீர் நிற்கும். செப்டம்பரிலேயே கூரையுள்ள மாற்று இடத்தைப் பேசிவையுங்கள். போர்டுகளைத் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் ஏற்றிவிடுங்கள். வெள்ளத்தில் குடும்பங்கள் பள்ளிக் கட்டடத்தில் தங்கும் நாட்களில் தாயக்கட்டையும் கதையும் பாட்டும் சுமந்து அங்கே போங்கள். அந்த வகுப்பறைகளில் பிள்ளைகளுக்குச் செய்ய ஒன்றுமே இருக்காது.

தேர்வு மாதத்தில் மையத்தை மூடச் சொல்வார்கள். மூடாதீர்கள். முக்கால் மணி நேரமாகக் குறைத்துவிட்டு, மீதி நேரம் அங்கேயே உட்கார்ந்து படிக்க விடுங்கள்.

11. திறமை தெரிந்தால்

நூறில் ஒரு பிள்ளையிடம் வேறு ஏதோ இருப்பது சீக்கிரமே தெரிந்துவிடும். அதை உங்களிடமே பிடித்து வைத்துக்கொள்ளாதீர்கள். நல்ல கோச்சிடம், அங்கீகாரம் பெற்ற சங்கத்திடம் கொண்டுபோய் விடுங்கள். முதலமைச்சர் கோப்பைக்குப் பதிவு செய்யுங்கள். சான்றிதழ்களை லேமினேட் செய்யாமல் ஃபைலில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும் என்பதைப் பெற்றோருக்கு விளக்குங்கள். அந்தப் பிள்ளை போன பிறகும் மற்ற தொண்ணூற்றொன்பது பேருக்கும் அதே நேரத்தில் கேட் திறக்க வேண்டும்.

12. விலகும்போது

இந்த வேலையில் யாரும் வெகுகாலம் இருப்பதில்லை. கல்யாணம், நல்ல சம்பளம், நிதி நின்றுபோவது என்று ஏதாவது வரும். விலகுவதில் குற்றமில்லை, சொல்லாமல் விலகக் கூடாது. ஒரு மாதத்துக்கு முன்பே பிள்ளைகளிடம் நேராகச் சொல்லுங்கள். புதிதாக வருபவரை இரண்டு வாரமாவது உங்களோடு மைதானத்தில் நிற்க வையுங்கள், வீடு வீடாகக் கூட்டிப்போய் அறிமுகப்படுத்துங்கள். பதிவேடு, பெற்றோர் தாள்கள், கணக்கு நோட்டு, அனுமதிக் கடித நகல், வாட்ச்மேன் எண், டிரங்குப் பெட்டிச் சாவி எல்லாவற்றையும் எழுதி, கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். எழுதி வைக்கக் கூடாததை வாயால் சொல்லுங்கள்: எந்தப் பையனுக்கு அப்பா குடித்திருக்கும் நாளில் மையம் முடிந்ததும் பாட்டி வீட்டுக்குத் துணை வேண்டும், எந்தப் பெண்ணை அணி பிரிக்கும்போது முதலில் கூப்பிட வேண்டும் என்பது போல.